Re: காந்தள் கிழங்கை தோண்டி வீட்டுல வெக்கலாமா, அதுவும் குறிஞ்சி மாதிரி அழியுற இனமா?

ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. செங்காந்தள் ஆப்பிரிக்கா வரைக்கும் பரவி கிடக்கு, ஐயூசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட பட்டியல்ல கவலை குறைந்த இனம்தான், ஆனா மருந்துக்காக காட்டுல கிழங்கை தோண்டியே பல இடத்துல காலியாகுது, அதனால தயவுசெஞ்சு தோண்டாதீங்க, நர்சரில கேளுங்க. இலை நுனியே சுருண்டு பக்கத்துல இருக்கிற செடிய பிடிச்சு ஏறும், பாக்க அவ்ளோ அழகு! ஆனா கிழங்குல கோல்சிசின்ங்கிற விஷம் இருக்கு, ஆளையே கொல்லும், குழந்தைங்க இருக்கிற வீட்டுல வேண்டவே வேண்டாம்.

நீலக்குறிஞ்சி கதை வேற. தென்னிந்தியாவோட உயரமான மலைப் புல்வெளிய விட்டா அதுக்கு போக்கிடமே இல்ல, அந்த புல்வெளியிலயும் நிறைய தேயிலை, யூகலிப்டஸ், சீகை மரத் தோட்டம்னு போயிடுச்சு. 12 வருஷத்துக்கு ஒருமுறை பூத்து விதை போட்டு செத்துடும், அப்போ கொத்தா பறிச்சா அடுத்த தலைமுறையே போச்சு. 2024ல அதே ஐயூசிஎன் பட்டியல்ல அதை பாதிக்கப்படக்கூடிய இனம்னு சேர்த்துட்டாங்க.