தையல்நாயகி என்று சான்றிதழில் எழுதலாமா?

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நட்சத்திரம் திருவாதிரை. கு, க, ங, ச ஆகிய எழுத்துகளில் ஒன்றில் பெயர் தொடங்க வேண்டும் என்கிறார் சோதிடர். வைத்தீசுவரன்கோயில் தையல்நாயகி எங்கள் குலதெய்வம். அந்தப் பெயரையே வைக்க வேண்டும் என்கிறார் என் தாயார். அதை வீட்டில் கூப்பிடும் பெயராக வைத்துக்கொண்டு, கைப்பேசிப் பட்டியலில் பார்த்த ஒரு புதுப் பெயரைச் சான்றிதழில் பதிந்துவிடலாம் என்றிருக்கிறோம். இது சரிதானே?
— ஒரு வாசகர், குத்தாலம்

பதில்: சரியில்லை. குழந்தையைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஊரார் கூப்பிடப் போவது சான்றிதழில் உள்ள பெயரைத்தான். வீட்டுப் பெயர் உங்கள் தாயார் காலம் வரை ஒலித்துவிட்டு, அதன் பின் கேட்பாரற்றுப் போகும்.

முதலில் அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பாதிப் பெயர்களுக்கு 'ஒளி' என்றோ 'தேவதை' என்றோ 'இறைவனின் பரிசு' என்றோ பொருள் போட்டிருப்பார்கள். எந்த மொழிச் சொல், யார் வழங்கிய பெயர், எந்த நூலில் வருகிறது என்ற விவரம் இருக்காது. ஒரு பெயர் மனத்துக்குப் பிடித்துவிட்டால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வடமொழிப் பெயரானால் வடமொழி அகராதியைப் பாருங்கள். எதிலும் அகப்படாத பெயருக்குப் பட்டியல் சொல்லும் பொருளை நம்பிப் பிள்ளைக்குச் சூட்டாதீர்கள்.

அடுத்தது எழுத்து. 27 நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஒன்றாக 108 எழுத்துகளைப் பகிர்ந்தளிக்கும் இந்த முறை வடமொழி ஒலிகளைக் கொண்டு அமைந்தது. அதனால்தான் உங்களுக்கு ங வந்திருக்கிறது; அந்த எழுத்தில் தமிழில் எந்தப் பெயரைத் தேடுவீர்கள்? ரகரமும் லகரமும் டகரமும் சொல்லுக்கு முதலில் வாரா என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. அப்படியிருக்க, அந்த எழுத்துகள் வாய்த்த பெற்றோர் தமிழ்ப் பெயர் ஒன்றும் அகப்படாமல் தவிப்பதில் வியப்பில்லை. ஆண்டுதோறும் ஐப்பசிச் சதயத்தில் தஞ்சையில் நாம் கொண்டாடும் இராசராசனின் இயற்பெயர் அருள்மொழி. சதயத்துக்குரிய எழுத்துகளில் அகரம் இல்லை. அவன் மகன் இராசேந்திரன் உங்கள் குழந்தையைப் போலவே திருவாதிரையில் பிறந்தவன். அவனுடைய இயற்பெயர் மதுராந்தகன். சோதிடத்தில் உங்களுக்குள்ள நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. எழுத்து வேண்டுமென்றே வீட்டார் நின்றால், திருப்புகலூர் அம்மனான கருந்தார்குழலியின் பெயரிலிருந்து 'குழலி' என்று வையுங்கள். சோதிடர் சொன்ன 'கு' அதிலேயே இருக்கிறது.

நட்சத்திரத்தைப் போற்ற வேண்டுமென்றால் அந்த நட்சத்திரமே ஒரு பெயர்தான். காவிரிப்பூம்பட்டினத்தில் மணிமேகலை ஏந்திய அமுதசுரபியில் முதல் பிச்சையிட்டவள் ஆதிரை. காவிரி கடலோடு கலக்கும் ஊருக்கு மகளை அழைத்துப் போய், உன் பெயருடையவள் இங்கேதான் வாழ்ந்தாள் என்று காட்டலாம். எந்தப் பட்டியல் உங்களுக்கு அதைத் தரும்?

இந்த மண்ணில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில், பல ஊர்த் தளிச்சேரிகளிலிருந்து, அதாவது கோயிலைச் சார்ந்த குடியிருப்புகளிலிருந்து, கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 ஆடல் மகளிரின் பெயர்களை, அவரவர் எந்தக் கோயிலிலிருந்து வந்தார் என்ற விவரத்தோடும், ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கோடும் இராசராசன் வெட்டி வைத்திருக்கிறான். சேரமங்கை, சோழகுலசுந்தரி, பரவை என்று நீளும் அந்த வரிசையில் 'எடுத்தபாதம்' என்றொரு பெயர் வருகிறது. 'இனித்தம் உடைய எடுத்த பொற்பாதமும்' என்று நாவுக்கரசர் உருகிய அந்தத் திருவடியை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் பெண்ணுக்குப் பெயராக்கியிருக்கிறார்கள். அந்த அம்பலவாணனுக்கு உரிய நாளும் திருவாதிரைதான். வேதாரண்யத்து அம்மனுக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். அவள் குரலுக்கு நாணியே அக்கோயில் சரசுவதி வீணையை விடுத்துச் சுவடியை ஏந்தியிருக்கிறாள் என்பார்கள். யாழ்மொழி என்ற பெயருக்கு இதைவிட நல்ல பிறப்பிடம் கிடையாது. நாகூர் ஆண்டவர் பெயரையும் வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா பெயரையும் இதே வழியில் எத்தனையோ குடும்பங்கள் தலைமுறையாகத் தாங்கி வருகின்றன.

இப்போது உங்கள் தாயாரின் பெயருக்கு வருகிறேன். பள்ளியில் தையல் இயந்திரம் என்று கேலி செய்வார்கள் என்பதுதான் உங்கள் தயக்கம் என்று ஊகிக்கிறேன். தையல் என்பதற்கு அழகு என்றும் பெண் என்றும் பொருளுண்டு. குழந்தைக்கு விவரம் தெரியும் வயதில் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால், கேலி செய்பவர்களுக்கு அவளே பதில் சொல்லிக்கொள்வாள். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் 1855இல் பிறந்த உ.வே.சா.வுக்கு இட்ட பெயர் வேங்கடராமன். சாமிநாதன் என்பது சுவாமிமலை முருகனை நினைத்து வீட்டில் கூப்பிட்ட பெயர். மாயூரத்தில் அவரை மாணவராக ஏற்ற மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வேறு பெயர் உண்டா என்று விசாரித்து, அந்த வீட்டுப் பெயரையே நிலைக்கச் செய்தார். உங்கள் மகளுக்கு அப்படி ஓர் ஆசிரியர் வாய்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தையல்நாயகி என்றே சான்றிதழில் எழுதுங்கள். குழந்தையின் தாய்க்கு அது ஒப்பவில்லையென்றால் ஆதிரை என்று எழுதுங்கள். அவர் விருப்பத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, அவரையும் கேளுங்கள்.

அவசரப்படவும் வேண்டாம். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டுமே தவிர, பெயரை அப்போதே எழுதியாக வேண்டும் என்பதில்லை. 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், அதற்குமேல் 15 ஆண்டுகள் வரை கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். ஏறிவிட்ட பெயரை மாற்றுவதுதான் அலைச்சல்; ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டலையும் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி முடிவு செய்துகொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போங்கள்.