மாசு மிகுந்த கார்பன் எஃகை கிரெயினை நுண்மையாக்கி வலுப்படுத்த முடியுமா?

பாஸ்பரசும் கந்தகமும் சற்று அதிகமாக உள்ள 0.45 விழுக்காடு கார்பன் எஃகை, மீண்டும் உருக்கித் தூய்மை செய்யாமல், அதன் கிரெயின்களை, அதாவது படிக மணிகளை, நுண்மையாக்கியே வலுப்படுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். பொருளைத் திருப்பி அனுப்ப வழியில்லை, ஆய்வறிக்கையைப் பார்த்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்று ஊகிக்கிறேன். நானும் அதே இடத்தில் நின்றவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வெப்பப் பதப்படுத்தும் பிரிவில் நான் பொறுப்பேற்ற புதிதில், சூடாக்கி அடித்து உருவாக்கிய 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள பின்கள், அதாவது உருளை வடிவ முளைகள், ஒரு தொகுதியாக வந்தன. அறிக்கையில் பாஸ்பரஸ் 0.04, கந்தகம் 0.045 விழுக்காடு என்று இருந்தது. ஒன்றில் ரம்பத்தால் சிறு வெட்டுப் போட்டு, வைஸில் பிடித்துச் சம்மட்டியால் அடித்தேன். சிறிதும் வளையாமல் முறிந்தது. முறிந்த முகம் கல்லுப்பைக் கொட்டி வைத்ததைப் போல் பரல் பரலாக மின்னியது.

பாஸ்பரஸ் கிரெயின் எல்லைகளில் சேர்ந்து எஃகை நொறுங்கச் செய்யும் என்று படித்திருந்த நான், நெடுநேரம் சூட்டில் வைத்தால் அது கலைந்து பரவிவிடும் என்று நம்பி, சில பின்களை 1050 டிகிரி செல்சியசில் இரவு முழுவதும் உலையில் விட்டேன். மறுநாள் அவை முன்பைவிட எளிதாக முறிந்தன. மெருகேற்றி, நைட்டல் என்னும் நைட்ரிக் அமிலக் கரைசலைத் தடவி, நுண்ணோக்கியில் 100 மடங்கில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கார்பைடு அடுக்குகள் கொண்ட கருத்த பெர்லைட்டைச் சுற்றி, கார்பன் ஏறக்குறைய இல்லாத வெள்ளை ஃபெரைட் போட்டிருந்த வலையின் கண்கள், அதாவது சூட்டில் இருந்தபோதைய கிரெயின்கள், இரண்டு மூன்றே பார்வைப் பரப்பு முழுவதையும் அடைக்கும் அளவுக்குப் பெருத்திருந்தன. அந்த எஃகில், எல்லைகளை நகரவிடாமல் பிடித்து வைக்கும் அலுமினியம் நைட்ரைடுக்கு வேண்டிய அலுமினியம் சேர்க்கப்படவில்லை. பாஸ்பரசோ எங்கும் போகவில்லை; ஆறும்போது மீண்டும் எல்லைகளுக்கே திரும்பிவிடுவது அதன் இயல்பு.

பிறகு நேர்மாறாகச் செய்தேன். இந்த எஃகு முழுவதும், உயர்ந்த சூட்டில் இருக்கும், காந்தம் ஒட்டாத படிக வடிவமான ஆஸ்டெனைட்டாக மாறுவது சுமார் 780 டிகிரியில். மீதமிருந்த பின்களை முதலில் 880, பின்னர் 850, கடைசியாக 820 டிகிரி என்று மூன்று முறை நார்மலைசிங், அதாவது ஆஸ்டெனைட்டாகும்படி சூடாக்கிக் காற்றில் ஆறவிடுவது, செய்தேன். ஒவ்வொரு முறையும் நடுப்பகுதி வரை சூடேறியபின் கால் மணி நேரத்துக்கு மேல் உலையில் வைக்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் புதிய கிரெயின்கள் பல இடங்களில் ஒரே நேரத்தில் முளைக்கின்றன. அவை வளர்வதற்குள் வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதே இதன் சூட்சுமம். இடையில் காற்றில் நன்றாக ஆறவிடுவதும் கட்டாயம். காந்தம் ஒட்டியதும் போதும் என்று பலர் மீண்டும் உலையில் வைத்துவிடுகிறார்கள். காந்தம் ஒட்டுவது ஃபெரைட் தோன்றியதை மட்டுமே காட்டும். பெர்லைட் முழுவதும் உருவாகி முடிய எஃகு இன்னும் ஆற வேண்டும்.

கிரெயின் அளவு எண் (எண் கூடக் கூடக் கிரெயின் சிறிது) 3 ஆக இருந்தது 7 ஆயிற்று. அதாவது சராசரி விட்டம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. ஹால் 1951இலும் பெட்ச் 1953இலும் வெளியிட்ட தொடர்பின்படி, கிரெயின் எல்லைகளால் கிடைக்கும் வலிமை, விட்டத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். ஆகவே அந்தப் பங்கு மட்டும் இரு மடங்காகும், மொத்த வலிமை அல்ல. என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரியது, வலிமையோடு முறிவைத் தாங்கும் திறனும் சேர்ந்தே உயர்வதுதான். எஃகை வலுப்படுத்தும் மற்ற வழிகள் பெரும்பாலும் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறித்துக்கொள்கின்றன. அதே வெட்டு, அதே சம்மட்டி. இந்த முறை அந்த முளை வளைந்து, பல அடிகளுக்குப் பிறகே கிழிந்தது. முறிந்த முகம் மங்கிய சாம்பல் நிறத்தில், வெல்வெட்டைப் போல் இருந்தது.

மாசுள்ள எஃகே போதும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லைப் பரப்பு கூடுவதால் பாஸ்பரஸ் நீர்த்துப்போகிறது என்றும் சொல்லமாட்டேன். இந்த அளவுள்ள கிரெயின்களில் அந்த விளைவு மிகச் சிறியது. விரிசல் ஒவ்வோர் எல்லையிலும் தடைபட்டுத் திசை மாற வேண்டியிருப்பதுதான் இங்கே உதவுகிறது. கந்தகம் மாங்கனீசு சல்ஃபைடாக, உருட்டிய திசையில் நீண்ட இழைகளாகக் கிடக்கும். நார்மலைசிங் அவற்றைத் தொடாது. உங்கள் பாகத்தில் விசை அந்த இழைகளுக்குக் குறுக்கே வருமானால், இந்த முறையை நம்பி இறங்காதீர்கள். ஒவ்வொரு சூட்டிலும் மேற்பரப்பு செதிலாக உரியும், கார்பனையும் இழக்கும் என்பதால், கடைசல் வேலைக்குக் கூடுதல் தடிமன் விட்டு வையுங்கள்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பின்கள் முறிந்தபோது எல்லா விரல்களும் வெப்பப் பதப்படுத்தும் பிரிவையே சுட்டின. அடித்து உருவாக்குவதற்கு முன் எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் சூடாக்கினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேதியியல் அறிக்கையை வரி வரியாகப் படிப்பவர்கள், கிரெயின் அளவு எண்ணை ஒரு முறையாவது கேட்டிருந்தால், குறை எங்கே தொடங்கியது என்பது முதல் நாளே தெரிந்திருக்கும்.

உங்கள் தொகுதியில் ஒன்றை முறித்து, அதன் முகத்தை முதலில் பாருங்கள். கிரெயின் எல்லைகள் உருகி, அங்கே ஆக்சைடு புகுந்திருந்தால் அது கருகிய எஃகு. அதை எத்தனை முறை நார்மலைசிங் செய்தாலும் மீட்க முடியாது.