தலைமாடு எந்தப் பக்கம்?
வீடும் வசதியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் படுக்கையறை கிழக்கு மேற்காக 10 அடியும் வடக்கு தெற்காக 11 அடியும் கொண்டது. நுழைவுக் கதவு கிழக்குச் சுவரின் வடகோடியில் இருக்கிறது. திறந்தால் வடக்குச் சுவரில் சாயும். குளியலறைக் கதவு வடக்குச் சுவரின் மேற்குக் கோடியில் உள்ளது. இருக்கும் ஒரே சன்னல் மேற்குச் சுவரில் இருப்பதால், காற்று வரட்டும் என்று அதன் கீழே தலைமாடு வைத்துக் கட்டிலை நடுவில் போட்டிருக்கிறோம். தெற்குச் சுவரில் இரும்பு பீரோ நிற்கிறது. அச்சுவருக்கு அப்பால் எங்கள் கூடம். பீரோவின் கதவு கட்டிலில் இடிக்கிறது. சித்திரை பிறந்துவிட்டால் இரவு பத்து மணிக்கும் தலைமாட்டுச் சுவர் சுடுகிறது. பீரோவை விற்றுவிட்டுச் சுவரோடு சேர்ந்த அலமாரி செய்துகொள்ளலாம் என்கிறார் என் கணவர். அவ்வளவு செலவில்லாமல் வேறு வழி உண்டா?
– வாசகி, மதுரை

பதில்: பீரோவை விற்க வேண்டாம். உங்கள் அறை சிறியதும் அன்று. தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு வீட்டின் முதன்மையான வாழும் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 102 சதுர அடி வேண்டும் என்கிறது, உங்களுடையது 110. குறை இடத்தில் இல்லை, கட்டில் கிடக்கும் திசையில் இருக்கிறது.

கட்டில் 5 அடி அகலமும் ஆறரை அடி நீளமும் கொண்ட வழக்கமான இருவர் கட்டில் என்றே எடுத்துக்கொள்கிறேன். 11 அடியில் 5 அடி போக, இரு பக்கமும் மும்மூன்று அடி மிஞ்சுகிறது. இரும்பு பீரோவின் ஆழம் பொதுவாக 19 அங்குலம். ஆக, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே எஞ்சுவது 17 அங்குலம். 3 அடி அகலமுள்ள பீரோவின் ஒவ்வொரு கதவும் 18 அங்குலம். ஓர் அங்குலத்தில்தான் நீங்கள் தினமும் இடித்துக்கொள்கிறீர்கள். கட்டிலை ஓரடி வடக்கே தள்ளினால் கதவு திறந்துவிடும். ஆனால் மேற்குச் சுவரின் சூடு அப்படியே இருக்கும். எனவே இரண்டையும் ஒன்றாகத் தீர்ப்பதே நல்லது.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தலைமாட்டை எங்கே வைப்பது என்பது தானே விளங்கிவிடும். செங்கல் சுவர் பிற்பகல் வெயிலை வாங்கித் தன்னுள்ளே வைத்துக்கொள்கிறது. வாங்கிய வெப்பம் சுவரின் கனத்தைக் கடந்து உள்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் பிடிப்பதால், வெயில் தாழ்ந்து வெளியே காற்று குளிர்ந்த பிறகுதான் உள்சுவர் சுடத் தொடங்குகிறது. நீங்கள் படுக்கப் போகும் நேரமும் அதுவே. சன்னல் காற்றுக்காகத் தலையை அங்கே வைத்த உங்களுக்குக் காற்றோடு சுவரின் அனலும் சேர்ந்து கிடைக்கிறது. தெற்குச் சுவருக்கு அப்பால் கூடம் இருப்பதால், அச்சுவரில் நேரடியாக வெயில் படுவதே இல்லை. தலைமாட்டுக்கு உரிய சுவர் அதுதான்.

கட்டிலைத் திருப்பித் தலைமாட்டைத் தெற்குச் சுவரோடு சேருங்கள். மேற்குச் சுவரிலிருந்து 2 அடி, கிழக்குச் சுவரிலிருந்து 3 அடி விடுங்கள். இரண்டு அடி இருந்தால் சன்னலைத் திறந்து மூடவும் விரிப்பை மாற்றவும் போதும். மூன்று அடி உள்ள பக்கத்தில், விடியற்காலையில் முதலில் எழுகிறவர் படுத்துக்கொள்ளட்டும். மற்றவர் தூக்கம் கெடாது. இடம் மிச்சமாகிறதே என்று கட்டிலை ஒரு மூலையில் ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. நானும் திருமணமான புதிதில் அப்படிச் செய்தேன். இரவில் எழுந்தால் மனைவியைத் தாண்டித்தான் இறங்க வேண்டியிருந்தது, அந்த ஏற்பாடு ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை.

இனி பீரோ. வடக்குச் சுவரில் குளியலறைக் கதவு முடியும் இடத்துக்கும், நுழைவுக் கதவு சாயும் இடத்துக்கும் நடுவே உங்கள் அளவுகளின்படி ஏறத்தாழ 4 அடி இருக்க வேண்டும். அதன் நடுவில் பீரோவை நிறுத்துங்கள். கட்டிலின் கால்மாட்டுக்கும் பீரோவுக்கும் இடையே 2 அடி 11 அங்குலம் கிடைக்கும். கதவு இரண்டும் அகலத் திறந்து, நீங்கள் நின்று புடவை எடுக்கவும், பின்னால் ஒருவர் குளியலறைக்குப் போகவும் அது போதுமானது.

இங்கே ஓர் எதிர்ப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். பீரோ கன்னி மூலையில் இருக்க வேண்டும், வடக்குப் பார்த்துத் திறக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நான் சொல்லும் இடத்திலோ அது தெற்குப் பார்த்து நிற்கும். அந்த நம்பிக்கை பணத்துக்கும் நகைக்கும் உரியதே தவிர, உள்பாவாடைக்கும் போர்வைக்கும் உரியதன்று. நகையும் பத்திரங்களும் இருக்கும் சிறு பெட்டியைத் தென்மேற்கு மூலையில் வடக்குப் பார்க்க வைத்துவிட்டு, துணி பீரோவை வசதியான இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்கிற சொல்லுக்கும் இந்த ஏற்பாட்டில் பழுதில்லை, தலை தெற்கே இருக்கிறது. பீரோவில் நிலைக்கண்ணாடி இருந்தால் அது இப்போது கட்டிலைப் பார்க்கும். தெரு விளக்கு அதில் பட்டுக் கண்ணில் அடித்தால் மேலே ஒரு கம்பி கட்டித் துணித் திரை போட்டுவிடலாம்.

மின்விசிறியைப் பற்றிக் கவலை வேண்டாம். அறையின் நடுவில் தொங்கும் விசிறி, தலைமாட்டுச் சுவரிலிருந்து ஐந்தரை அடியில், முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதிக்கு நேர் மேலே வரும். முகத்தில் நேராக அடிக்காமல் பரவலாகக் காற்று கிடைப்பது நல்லதுதான். கைபேசிக்கான பிளக் மட்டும் பழைய தலைமாட்டிலேயே தங்கிவிடும். அதற்காக நீட்டிப்பு வயரைத் தரையில் குறுக்கே ஓடவிடாமல், எலக்ட்ரீஷியனை அழைத்துச் சுவரோரமாகப் பட்டி அடித்து ஒரு பிளக்கையும், படுத்தபடியே விளக்கை அணைக்க ஓர் இருவழி சுவிட்சையும் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மாற்றத்தில் நீங்கள் செய்ய வேண்டிய ஒரே செலவு அதுதான். கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி அதே சுவரின் மறுபக்கம் மாட்டப்பட்டிருந்தால் அதையும் இடம் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் இரவுத் தொடர்களின் அழுகை முழுவதும் உங்கள் காதருகே கேட்கும்.

மேற்குச் சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டி, நண்பகலிலிருந்து வெயில் தாழும்வரை சன்னலை மூடியும், அதன் பிறகு திறந்தும் வைத்தால் அறையின் சூடு இன்னும் தணியும். உள்ளே மாட்டும் திரை கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெப்பத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. நிழல் வெளியே விழ வேண்டும்.

கேள்வி: எங்கள் இரு மகன்களுக்கும் (வயது 9, 6) ஒரே அறை. இடம் மிச்சமாகட்டும் என்று அடுக்குக் கட்டில் வாங்க நினைக்கிறோம். அறையின் உயரம் பத்தடிக்குச் சற்றுக் குறைவு. கட்டிலை எந்தப் பக்கம் போடலாம்?
– வாசகர், தாம்பரம்

பதில்: எந்தப் பக்கமும் வேண்டாம். மேல் கட்டிலின் மெத்தை தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருக்கும்; அதன்மேல் ஒன்பது வயதுப் பையன் எழுந்து மண்டியிட்டாலே அவனுடைய தலை எட்டடியை எட்டிவிடும், கையை உயர்த்தினால் கேட்கவே வேண்டாம். உங்கள் அறையில் விசிறி இறக்கை சுழல்வதும் எட்டு, எட்டரை அடியில்தான். 48 அங்குல விசிறி நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டடி பாயும். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டால் எட்டாது என்று விற்பவர்கள் சொல்லலாம். விளையாட்டில் துண்டை வீசும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெரியாது. விசிறியைக் கழற்றிவிட்டுச் சுவர் விசிறி மாட்டத் துணிந்தால் மட்டுமே அடுக்குக் கட்டிலைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் மேலே பெரியவன் மட்டும் படுக்க வேண்டும், தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்க வேண்டும்.

அதைவிட, 3 அடி அகலமுள்ள ஒற்றைக் கட்டிலின் அடியில் சக்கரம் வைத்த இன்னொரு கட்டிலை நுழைத்து, இரவில் மட்டும் வெளியே இழுத்துக்கொள்ளும் வகை உங்களுக்குப் பொருந்தும்; பகலில் தரை முழுவதும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். அறையில் இழுப்பறை வைத்த உயரமான அலமாரி இருந்தால் அதைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். சிறுவர்கள் இழுப்பறைகளைப் படிக்கட்டாக்கி ஏறும்போது அது அவர்கள் மேலேயே சாயக்கூடும்.

கேள்வி: 78 வயதாகும் என் மாமனார் ஊரிலிருந்து எங்களோடு வந்து தங்கப் போகிறார். முழங்கால் வலி உண்டு, இரவில் இரண்டு மூன்று முறை எழுவார். அவருடைய தேக்குக் கட்டிலையும் கொண்டுவர விரும்புகிறார். அறையை எப்படி அமைப்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டிலைக் கட்டாயம் கொண்டுவாருங்கள், நாற்பது ஐம்பது ஆண்டு பழகிய படுக்கையை எழுபத்தெட்டாம் வயதில் பிரிப்பதற்கு எனக்கு மனமில்லை. ஆனால் அதன் உயரத்தை அளந்துவிட்டு வையுங்கள். மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் படிந்து, முழங்கால் நேர்கோணத்தில் மடங்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குலம் சரியாக இருக்கும். பழைய தேக்குக் கட்டில்கள் பெரும்பாலும் இதைவிட உயரம். காலை அறுக்கவோ, ஏறுவதற்குக் கீழே பலகை போடவோ வேண்டாம். பலகை இருட்டில் இடறும். தடித்த மெத்தையை எடுத்துவிட்டு மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை போட்டாலே இரண்டு மூன்று அங்குலம் குறைந்துவிடும். அப்படியும் உயரமாக இருந்தால் கட்டிலைப் பகல் ஓய்வுக்கு வைத்துக்கொண்டு, இரவுக்குத் தாழ்வான வேறொன்று போடுங்கள்.

கட்டிலின் இடம் குளியலறைக் கதவை வைத்து முடிவாக வேண்டும். அவர் இறங்கும் பக்கம் அக்கதவைப் பார்த்து இருக்கட்டும். இடையில் திருப்பமோ, கால்மிதியோ, முக்காலியோ இல்லாமல் 3 அடி அகலத்துக்கு நேர்வழி விடுங்கள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு நடைச்சட்டம் (வாக்கர்) தேவைப்பட்டால் அந்த அகலம் வேண்டியிருக்கும். வழியில் பற்றிக்கொள்வதற்கு நாற்காலியை வைக்காதீர்கள், நகரும் பொருளைப் பற்றுவது பற்றாமலிருப்பதைவிட ஆபத்து. சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். இரவு விளக்கைக் கண்ணுக்கு நேரே போடாமல் முழங்கால் உயரத்தில் போட்டால், தரை தெரியும், தூக்கமும் கலையாது.

இன்னொன்று: அவர் படுத்தபடியே அறைக் கதவையும் உள்ளே வருகிறவர்களையும் பார்க்கும்படி கட்டில் இருக்கட்டும். புது வீட்டில் முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடுவது முதியவர்களுக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி: மழைக்காலத்தில் பீரோவுக்குப் பின்னால் சுவர் பூசணம் பிடித்துவிடுகிறது. பட்டுப் புடவைகளிலும் வாடை ஏறுகிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் ஊரில் வெளிச்சுவரில் பீரோவை ஒட்டி வைத்தால் இது தவிர்க்க முடியாதது. உள்சுவருக்கு மாற்றி, மூன்று நான்கு அங்குலம் இடைவெளி விடுங்கள். காற்று புகுந்தால் பூசணம் தங்காது. அதற்கு முன் அச்சுவரின் மறுபக்கம் போய்ப் பாருங்கள்: தண்ணீர்க் குழாய் கசிகிறதா, சாந்துப் பூச்சு வெடித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதைச் சரிசெய்யாமல் வண்ணம் மட்டும் அடிப்பது பணத்தைச் சுவரில் பூசுவதற்குச் சமம். பட்டுப் புடவைகளை வெயில் காயும் நாளில் நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம்.

கேள்வி: வாடகை வீடு. தரையில் டைல்ஸ். பீரோவைக் கீறல் விழாமல் நகர்த்துவது எப்படி? போன முறை நகர்த்தியதிலிருந்து கதவு சரியாக மூடவும் இல்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் செய்தித்தாளைக் கட்டில், பீரோ இவற்றின் அளவுக்கு வெட்டித் தரையில் பரப்பி, கதவைத் திறந்து, நடந்து பாருங்கள், இரண்டு முறை நகர்த்த வேண்டிய வேலை ஒருமுறையில் முடியும். பிறகு பீரோவை முழுவதும் காலி செய்து பூட்டி, ஒருவர் லேசாகச் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் நான்கு காலுக்கும் அடியில் மடித்த சாக்கைத் தள்ளட்டும். சாக்கின் நுனியைப் பிடித்து ஒருவர் இழுக்க, இன்னொருவர் பீரோவின் கீழ்ப்பகுதியைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும்; மேலே பிடித்துத் தள்ளினால் கவிழும். கதவு மூடாததற்குக் காரணம் பெரும்பாலும் பூட்டு அன்று. தரை சமமில்லாத இடத்தில் நிற்கும்போது பீரோவின் கூடு லேசாகக் கோணி, இரு கதவுகளும் ஏற்ற இறக்கமாகிவிடுகின்றன. கதவுகளின் மேல்விளிம்பைப் பாருங்கள்; எது தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்து முன்காலுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் சாவி பழையபடி திரும்பும்.