குட்டிச்சாத்தான்களின் ராஜா – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

போன சனிக்கிழமை ராத்திரி நானும் மகளும் ஜிம் ஹென்சன் இயக்கிய ‘லேபிரிந்த்’ பார்த்தோம். அவள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். படம் முடிந்ததும் எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. குட்டிச்சாத்தான்களின் ராஜா ஜாரெத் வேடத்துக்குப் பாடகர்கள் மைக்கேல் ஜாக்சன், ஸ்டிங் பெயர்களும் யோசிக்கப்பட்டதாகப் படித்தேன். ஜாக்சன் நடித்திருந்தால் படம் தோற்றிருக்காது என்பது என் கட்சி. ஜாரெத்தாக நடித்த பாடகர் டேவிட் போவி இல்லையென்றால் அந்தப் படமே வேண்டாம் என்கிறாள் அவள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் யாரைப் போட்டிருப்பீர்கள்?

அன்புடன்,
ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்,

நான் உங்கள் மகள் பக்கம். அவளுக்குச் சொல்ல வராமல் போனதை என்னால் முடிந்தவரை சொல்லிப் பார்க்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. சாரா என்ற பெண்ணிடம் கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அப்பாவும் சித்தியும் வெளியே போகிறார்கள். குழந்தை அழுகையை நிறுத்துவதாக இல்லை. ஆத்திரத்தில் சாரா, இவனைக் குட்டிச்சாத்தான்கள் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிடுகிறாள். நிஜமாகவே தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. பதின்மூன்று மணி நேரத்துக்குள் புதிர்ப்பாதையைக் கடந்து ராஜாவின் கோட்டைக்கு வந்து சேர்ந்தால்தான் தம்பி கிடைப்பான்.

1985இல் லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் எடுத்தார்கள். சாராவாக நடித்த ஜெனிஃபர் கானலிக்கு அப்போது 14 வயது, போவிக்கு 38. மற்ற முக்கியப் பாத்திரங்கள் எல்லாம் பொம்மைகள். ஹாகிள் என்ற குள்ளனின் உடைக்குள் ஒரு பெண் இருந்து நடந்தார். முகத்தை மட்டும் நான்கு பேர் வெளியே நின்று ரேடியோ கருவியால் அசைத்தார்கள். குரலும் வெளியிலிருந்துதான் வரும். குரல் வரும் திசைக்குக் கண் போய்விடாமல் பொம்மையைப் பார்த்தே பேசுவது முதலில் சிரமமாக இருந்தது என்று போவியே சொல்லியிருக்கிறார். திரையில் அந்தச் சிரமம் கொஞ்சமும் தெரியாது. ஹாகிளை மிரட்டும் இடங்களில் அவன் பெயரை மாற்றி மாற்றித் தப்பாகச் சொல்வார். வேலைக்காரன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள அவசியமில்லாத ஒரு எஜமானனின் அலட்சியம் அது. எதிரே நிற்பது பொம்மை என்ற நினைப்பு நமக்கே போய்விடுகிறது.

அடுத்து அந்தக் கண்ணாடிக் கோளங்கள். ஜாரெத் கையில் அவை தண்ணீர் மாதிரி உருளும், உள்ளங்கையிலிருந்து புறங்கைக்கு ஏறும், விரல் நுனியில் ஒரு கணம் நின்று திரும்பும். அந்தக் கை போவியுடையது இல்லை. மைக்கேல் மாஷன் என்ற வித்தைக்காரர் போவியின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்து, கையை மட்டும் முன்னால் நீட்டிச் செய்தார். அவருக்கு எதிரே எதுவும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கோலம் போடுகிற மாதிரி வேலை. போவியின் பங்கு, முகத்தில் எந்த முயற்சியும் தெரியாமல் நிற்பது. கோளம் அவர் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று நம்ப வைப்பது அந்த முகம்தான். அறுபதுகளின் கடைசியில் நடனக் கலைஞர் லிண்ட்சே கெம்ப்பிடம், பேசாமல் உடம்பால் மட்டும் நடிக்கும் மூகாபிநயம் கற்றவர் போவி. 1980இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில், நோயால் உடல் உருக்குலைந்த ‘யானை மனிதன்’ வேடத்தில், ஒப்பனையே இல்லாமல், உடம்பைக் கோணலாக்கி மட்டும் நடித்தவர்.

சரி, ஜாக்சனுக்கு வருகிறேன். படத்துக்குச் செலவு சுமார் இரண்டரைக் கோடி டாலர். அமெரிக்கத் திரையரங்குகளில் திரும்பி வந்தது ஏறக்குறைய பாதி. ஜாக்சன் இருந்திருந்தால் கூட்டம் வந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஹென்சன் அதற்குப் பிறகு 1990இல் இறக்கும்வரை வேறு முழுநீளப் படம் இயக்கவில்லை என்பதை நினைக்கும்போது, உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் ‘லேபிரிந்த்’ வெளிவந்த அதே 1986இல் டிஸ்னி பூங்காக்களுக்காக வந்த ‘கேப்டன் இயோ’வைப் பாருங்கள். 17 நிமிடப் படம். ‘லேபிரிந்த்’ போலவே ஜார்ஜ் லூகாஸின் தயாரிப்பு, பொம்மை உயிரினங்களோடு ஜாக்சன். கொடிய ராணி ஒருத்தியின் எதிரே நின்று ஆடுகிறார், பாடுகிறார், அவள் மாறிவிடுகிறாள். ஜாக்சன் ஆடத் தொடங்கினால் எதிராளிக்கு வேறு வழி கிடையாது. ‘லேபிரிந்த்’ ஒரு பெண் ஒரு ராஜாவை மறுக்கிற கதை. ஜாக்சனை மறுத்துவிட்டுப் போகிற பெண்ணை நாம் நம்பியிருக்க மாட்டோம்.

ஸ்டிங்கை எல்லோரும் சுலபமாக ஒப்புக்கொள்வார்கள். 1984இல் ‘டியூன்’ படத்தில் வில்லனாக வந்தவர், முகவெட்டும் பொருந்தும். அவர் செய்திருந்தால் ஜாரெத் வெறும் ஆபத்தான ஆளாக மட்டும் இருந்திருப்பான். பாடகர்கள் மிக் ஜாகர், பிரின்ஸ் பெயர்களும் அடிபடுகின்றன. படத்தில் போவி எழுதிய பாட்டுகளைவிட நன்றாகவே பிரின்ஸ் எழுதியிருக்கக்கூடும். ஆனால் அவர்கள் இருவருடைய மேடைக் கவர்ச்சியும் வெளிப்படையான உடல் கவர்ச்சி. எதிரே பதினான்கு வயதுப் பெண். என்னால் உட்கார்ந்து பார்க்கவே முடியாது. முகமூடி நடனக் காட்சியில் போவி சாராவோடு ஆடும்போதுகூட, மேடை நாடகத்தில் நிற்கிற மாதிரி ஒரு விலகல் இருக்கிறது. அந்த விலகல்தான் படத்தைக் காப்பாற்றுகிறது.

அப்புறம், மேலும் கீழும் பக்கவாட்டிலும் படிகள் ஓடும் அந்தக் கடைசி அறை. என்னை நேசி, எனக்குப் பயப்படு, நான் சொன்னபடி கேள், நான் உன் அடிமையாக இருப்பேன் என்கிறான் ஜாரெத். எழுதி வைத்தால் மிரட்டல். போவி அதைக் கெஞ்சலாகச் சொல்கிறார். குரலில் அலுப்பு இருக்கிறது. இவளுக்காக நேரத்தையும் உலகத்தையும் புரட்டிப் போட்டு ஓய்ந்து போனவனின் அலுப்பு. உனக்கு என்மேல் அதிகாரம் இல்லை என்று அவள் சொன்னதும் கோளத்தை மேலே எறிகிறான், அது அவள் விரலில் பட்டு உடைகிறது. அந்த முகத்தில் கோபத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. தோற்கத் தெரிந்த ஒருவர்தான் இந்த வேடத்துக்கு வேண்டும். நீங்கள் சொன்ன பெயர்களில் அப்படி ஒருவரும் இல்லை.

ஆனாலும் யாரைப் போட்டிருப்பேன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ஆங்கிலப் பாடகி கேட் புஷ்.

ராஜாவை ராணியாக மாற்ற வேண்டியிருக்கும். கேட் புஷ்ஷும் அதே லிண்ட்சே கெம்ப்பின் மாணவி. முதல் இசைத்தட்டின் முதல் பாட்டையே அவருக்குத்தான் சமர்ப்பித்தார். 1979 சுற்றுப்பயணத்தில் ஆடிக்கொண்டே பாடுவதற்காக, துணி மாட்டும் கம்பியை வளைத்து மைக்கைத் தலையில் பொருத்திக்கொண்டார்கள். பாடும்போதும் கைகள் நடிக்க வேண்டும் என்ற பிடிவாதம். கோளங்களைக்கூட இன்னொருவர் கையை நம்பாமல் தானே பழகியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் முக்கியக் காரணம் சாராவின் அம்மா. படத்தின் தொடக்கத்தில் சாராவின் அறையைக் கேமரா மெதுவாகச் சுற்றி வருகிறது. அங்கே பத்திரிகைத் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. அம்மா மேடை நடிகை. அவள் பக்கத்தில் நிற்கும் நடிகரின் முகம் போவியின் முகம். படம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவனைத்தான் சாரா ராஜாவாகக் கனவு காண்கிறாள் என்று நான் புரிந்துகொள்கிறேன். ராணியாக ஒரு பெண் வந்திருந்தால், அந்தக் கோட்டையில் உட்கார்ந்து கூப்பிடுவது அம்மாவே ஆகிவிடும். அழுகிற குழந்தையை விட்டுவிட்டு வா, உனக்கு மேடையும் உடையும் தருகிறேன் என்று அம்மா கூப்பிடுகிறாள். தம்பிக்காக அவளை மறுக்க வேண்டும். அந்த வயதுப் பெண்ணுக்கு இதைவிடக் கடினமான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. அது வேறு படம், இன்னும் துக்கமான படம். குழந்தைகள் இத்தனை முறை திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் நான் பார்த்திருப்பேன்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். மறுபடி போடும்போது, அந்த முதல் அறைக் காட்சியில் மேசைமேல் இருப்பதையும் கவனிக்கட்டும். ஜாரெத் மாதிரியே ஒரு சின்ன பொம்மை அங்கே நிற்கிறது. கொஞ்சம் தள்ளி, சுவரில், கடைசி அறையில் வரும் அந்தப் படிக்கட்டுகளின் ஓவியமும் மாட்டியிருக்கிறது.