கோச்சிடம் சண்டைக்குப் போக வேண்டாம்

12 வயது மகன் தோற்றதும் கைகுலுக்காமல் நடையைக் கட்டினான், ரெஃப்ரியிடம் கத்தி மஞ்சள் அட்டையும் வாங்கினான், அடுத்த மேட்சில் கோச் உட்கார வைத்துவிட்டார், இது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் நியாயம்தான். ரெஃப்ரியை வாயால் எதிர்த்தாலும் சைகையால் எதிர்த்தாலும் மஞ்சள் அட்டை என்பது கால்பந்து விதி 12-லேயே இருக்கிறது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேட்சின்போது கோட்டோரம் நின்று நீங்கள் என்ன கத்துகிறீர்கள்? நான் "அது ஆஃப்சைடு சார், கண்ணு தெரியலையா" என்று கத்துவேன். ஒருநாள் என் மகன் அதே வார்த்தையை, என்னைப் போலவே கையை விரித்துக்கொண்டு, ரெஃப்ரியிடம் சொன்னான். அந்த ரெஃப்ரிக்கே மீசை சரியாக முளைக்கவில்லை. அன்றிலிருந்து வாயில் கடலை மிட்டாயைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன்.

தோற்ற அன்று வண்டியில் திரும்பும்போது மேட்ச் பேச்சே வேண்டாம். பரோட்டா வாங்கிக் கொடுங்கள், போதும். இரண்டு நாள் கழித்து ஜெர்மன் கால்பந்து வீரர் க்ளோஸே கதையைச் சொல்லுங்கள். 2012-ல் இத்தாலியில் நாப்போலி அணிக்கு எதிராகத் தன் லாசியோ அணிக்காக அவர் அடித்த கோல், கையில் பட்டு உள்ளே போனது. அதை அவரே ரெஃப்ரியிடம் சொல்ல, கோல் ரத்தானது. லாசியோ 0-3 என்று தோற்றது. ஆனால் நாப்போலி ஆட்டக்காரர்களே வந்து அவருக்குக் கை கொடுத்தார்கள்.

அப்புறம், மகன் தோற்ற அந்த அணியோடு மறுபடி ஆடும்போது டாஸுக்கு முன்னாலேயே போய் அவர்கள் கோல்கீப்பருக்குக் கை கொடுக்கச் சொல்லுங்கள். மன்னிப்பு, கின்னிப்பு எல்லாம் வேண்டாம்.