கேள்வி மேடை: உரம் போட்டும் வெளுக்கும் கத்தரி

கேள்வி: ஐயா, எங்களுக்கு மணல் தரை. கத்தரிக்கு யூரியா போட்டும் இலை வெளுக்கிறது. ஈரம் இருந்தும் உச்சி வெயிலில் துவள்கிறது. உரக்கடையில் இன்னொரு மூட்டை போடச் சொல்கிறார்கள். பிடுங்கினால் வேரெல்லாம் முண்டு முண்டாக இருக்கிறது. தட்டப்பயறில் வருமே, அந்த நல்ல முடிச்சா?
– வாசகி, உச்சிப்புளி

பதில்: அந்த மூட்டையை வாங்காதீர்கள், அம்மா. தட்டப்பயறு முடிச்சு வேரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பு. உங்கள் கத்தரியில் வேரே வீங்கியிருக்கிறது. வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. முண்டைப் பிளேடால் கீறினால் குண்டூசித் தலையளவில் முத்துப்போல் வெள்ளையாகத் தெரிவது பெண் புழு.

குஞ்சுப்புழு வேர்நுனி வழியாக நுழைந்து, சாறு செல்லும் குழாய்களை ஒட்டிய செல்களைப் பெருக்கவைத்து அங்கேயே உட்கார்ந்து தின்கிறது. குழாய்கள் நசுங்கிக் கோணுகின்றன. நீரும் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் மேலே ஏறுவது குறைகிறது. இலை தயாரித்த உணவையும் முண்டுகள் கீழே இழுத்துக்கொள்கின்றன. உரம் மண்ணில் கிடக்கும், செடி பட்டினி கிடக்கும். நம் கடற்கரை மணல் இந்தப் புழு நகர ரொம்பத் தோது.

நிற்கிற செடியை முழுசாக மீட்க முடியாது. காய்ப்பு முடிந்ததும் வேரோடு பிடுங்கி எரியுங்கள். மட்க வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் இரண்டு மூன்று உழவு. அடுத்த நடவுக்கு முன் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு. அதே இடத்தில் உடனே தக்காளியோ முண்டு மிளகாயோ வேண்டாம், அவற்றுக்கும் இதே புழு வரும். ஒரு போகம் செண்டுப்பூ போடுங்கள். ராமேஸ்வரம் பக்கம் பூவுக்கு எப்போதும் கிராக்கிதான். நாற்றங்காலை மட்டும் இந்தத் தரையில் போடாதீர்கள்.