புது வீட்டு அலங்காரம்: பணம் எங்கே போகிறது?

சாவி கைக்கு வந்த வாரமே சோபாக் கடைக்கு ஓடுகிறோம். கையெழுத்துப் போடவேண்டிய தாளை மட்டும் கடைசியில், அதுவும் பாதிதான் படிக்கிறோம். இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

கேள்வி: பொங்கோலில் பிடிஓ (முன்பதிவு செய்தபின் கட்டித் தரும் அரசு) நான்கறை வீட்டுக்குச் சாவி வாங்கிவிட்டோம். வடிவமைப்பாளர் கொடுத்த கொட்டேஷன் 46,000 வெள்ளி. டிவி சுவர், ஃபால்ஸ் சீலிங், செருப்பு அலமாரி, மூன்று படுக்கையறைக்கும் வார்ட்ரோப், இரண்டு கழிவறைக்கும் புது டைல்ஸ் எல்லாம் இருக்கிறது. 35,000 வெள்ளிக்குள் முடிக்க வழி உண்டா?

உண்டு. முதலில் கழிவறை டைல்ஸைக் கொட்டேஷனிலிருந்து நீக்கிவிடுங்கள். புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கழிவறையின் தரை, சுவர் டைல்ஸைக் கட்டடம் முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு உடைக்கக்கூடாது. அடியில் இருக்கும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கிழிந்தால் கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டும். இது தெரியாத ஒரு வடிவமைப்பாளர் உங்களுக்குக் கொட்டேஷன் போட்டிருக்கிறார் என்றால், மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிக்கவேண்டும். பழைய டைல்ஸின் மேலேயே புதியதை ஒட்டுவதாகச் சொல்கிறார் என்றால், அதை அப்படியே கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது மரவேலை. என் கட்சி வெளிப்படையானது: சுவரோடு சேர்த்து அடிக்கும் மரவேலையைப் பாதியாகக் குறையுங்கள். சமையலறை அலமாரி வேண்டும், அதில் பேச்சே இல்லை. உங்கள் படுக்கையறை வார்ட்ரோப்பும் வேண்டும். மற்ற இரண்டு அறைகளில் யார் இருக்கப்போகிறார்கள்? ஒன்றில் இன்னும் பிறக்காத பிள்ளை, இன்னொன்றில் ஊரிலிருந்து எப்போதாவது வரும் மாமியார் என்றால், அலெக்சாண்ட்ராவிலோ தெம்பனிசிலோ உள்ள ஐக்கியாவில் தனியாக நிற்கும் அலமாரி வாங்கிப் போடுங்கள். பிடிக்காவிட்டால் இடம் மாற்றலாம், விற்கலாம். சுவரில் அடித்ததை உடைக்கத்தான் முடியும், அதற்கும் காசு கேட்பார்கள்.

டிவி சுவர் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் 55 அங்குல டிவிக்கு அளவெடுத்து அடித்த சுவர், அடுத்த தீபாவளித் தள்ளுபடியில் 65 அங்குலம் வாங்கியதும் கோணலாகத் தெரியும். நல்ல நிறத்தில் ஒரு பெயிண்ட், கீழே ஒரு நீளக் கன்சோல், போதும். ஃபால்ஸ் சீலிங்குக்கும் யோசியுங்கள். வீவக வீடுகளின் கூரை பெரும்பாலும் 2.6 மீட்டர்தான். ஃபால்ஸ் சீலிங் போட்டாலும் தரையிலிருந்து 2.4 மீட்டர் இருக்கவேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே காற்றாடியும் தொங்கினால், உயரமான ஆள் கையைத் தூக்கிச் சட்டை மாட்டும்போது பயப்படவேண்டியிருக்கும். ஓரமாக ஒரு பெல்மெட் (கூரையோரத்தில் அடிக்கும் மறைப்புப் பலகை) மட்டும் வைத்து விளக்கை மறைத்தால் செலவில் பெரும்பங்கு மிச்சம்.

மீதி மரவேலையை எப்படிப் படிப்பது? இங்கே மரவேலைக்கு அடிக்கணக்கில் விலை சொல்வார்கள். ‘ஓர் அடி இவ்வளவு’ என்று இரண்டு பேர் ஒரே தொகை சொன்னாலும் இரண்டும் ஒரே அலமாரி அல்ல. உயரம் எத்தனை அடி, ஆழம் எவ்வளவு, இழுப்பறைகள் எத்தனை விலைக்குள் அடக்கம், உடல் பிளைவுட்டா மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டா, கீல் எந்த நிறுவனத்துடையது, இவை எழுத்தில் இருக்கவேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் பார்ட்டிக்கிள் போர்டு சிங்க்கின் கீழே தண்ணீர் குடித்தால் ஊதிவிடும். சமையலறைக்குப் பிளைவுட் கேளுங்கள். கையெழுத்துப் போடுமுன் கடையில் மாதிரி அலமாரி ஒன்றைத் திறந்து, கதவின் ஓரப்பட்டையை நகத்தால் தடவிப் பாருங்கள். புது மாதிரியிலேயே நகம் மாட்டினால் வேறு ஆளைப் பாருங்கள்.

சரி, பணம் கொடுக்கும் விதம். வீவக வீட்டில் புதுப்பிப்பு வேலை செய்பவர் வீவகவின் ஒப்பந்ததாரர் பட்டியலில் இருக்கவேண்டும். பெயரை வீவக இணையத்தளத்தில் தட்டிப் பார்த்துவிடலாம். அதோடு பயனீட்டாளர் சங்கமான கேஸ் வழங்கும் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் உள்ளவர் என்றால், நிறுவனம் பாதியில் மூடப்பட்டாலும் உங்கள் முன்பணத்துக்கு ஒரு பாதுகாப்புப் பத்திரம் இருக்கும். கொட்டேஷன் தொகையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 46,000 வெள்ளிக்கு அது 4,140 வெள்ளி. ‘மறந்துவிட்டேன்’ என்று பிறகு சொல்லக்கூடிய தொகை இல்லை. கடைசித் தவணையைக் குறைகள் சரிசெய்த பிறகே கொடுப்பேன் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று. புது வீட்டில் கட்டுமானக் குறைகளை வீவக சரிசெய்து தரும் காலம் ஓராண்டு. ஆள்கள் உள்ளே வருமுன்பே விரிசல், டைல்ஸின் வெற்றுச் சத்தம், கதவு சாய்வு எல்லாவற்றையும் படம் எடுத்துப் புகார் கொடுத்து முடித்துவிடுங்கள். பிறகு சொன்னால், ‘உங்கள் காண்டிராக்டர் உடைத்தார்’, ‘இல்லை, வரும்போதே இப்படித்தான்’ என்ற சண்டையில் நீங்கள் நடுவில் நிற்பீர்கள். விளக்கு, குழாய் வாங்கும்போது அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுத்த பருவநிலைப் பற்றுச்சீட்டு மிச்சம் இருந்தால் பயன்படுத்துங்கள். 2027 இறுதிவரை செல்லும்.

கேள்வி: பாம் ஷெல்டரைப் பூஜை அறையாக மாற்றலாமா? செங்காங் ஐந்தறை வீடு. வேறு இடத்தில் வைத்தால் கிழக்கு அமையவில்லை.

இந்தக் கேள்வி தமிழ் வீடுகளில் மட்டும்தான் வரும் என்று நினைக்கிறேன். சாமி படம் வைப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை, ஆனால் அந்த அறை போர்க்காலப் புகலிடம். இரும்புக் கதவைக் கழற்றவோ துளையிடவோ கூடாது. சுவரையும் தரையையும் உடைக்கக்கூடாது. காற்றுத் துளைகளின் மூடித்தகடுகளை எடுத்துவிட்டு அங்கே வேறெதையும் பொருத்தக்கூடாது. எனவே துளையிட்ட ஜாலி கதவு, சுவரில் பதித்த சாமி மண்டபம் என்ற கனவெல்லாம் அங்கே வேண்டாம். தனியாக நிற்கும் மண்டபம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு அதைவிடப் பெரிய தயக்கம் விளக்கு. சன்னல் இல்லாத கான்கிரீட் பெட்டிக்குள் தினமும் நல்லெண்ணெய் விளக்கும் சாம்பிராணியும் ஏற்றினால் ஆறு மாதத்தில் கூரை கறுத்துவிடும். கதவைச் சாத்திவிட்டு விளக்கை எரியவிடுவது ஆபத்தும்கூட. வரவேற்பறைச் சுவரில் ஒன்றரை அடி ஆழத்தில் ஓர் அலமாரி அடித்துக்கொள்ளுங்கள் என்பேன். மரவேலையைக் குறைக்கச் சொன்ன நானே சொல்கிறேன், இதற்குச் செலவழிக்கலாம். தினமும் கைபடும் இடம்.

அடிக்கும்போது கவனிக்க வேண்டியவை: விளக்கு வைக்கும் தட்டு முன்னால் இழுத்துக்கொள்ளும்படி இருக்கட்டும். சுடர் மேல்தட்டின் நேர் கீழே வந்தால் லேமினேட் கொப்பளித்துவிடும். தட்டின் மேல் கல் வேண்டும். சமையல் மேடைக்கு வெட்டும்போது மிஞ்சும் துண்டை ஒப்பந்ததாரரிடம் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். எண்ணெயும் குங்குமமும் படும் இடத்தில் வெனீர் (மெல்லிய மரத்தகடு) வேண்டாம், ஊறிப்போகும். கதவு வைப்பதானால் துளையிட்ட கதவு, புகை வெளியேற. கற்பூரம், திரி, தீப்பெட்டிக்குக் கீழே ஓர் இழுப்பறை. பிள்ளைகள் இருந்தால் பூட்டோடு. காற்றாடிக்கும் புகை எச்சரிக்கைக் கருவிக்கும் நேர் கீழே வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு அது அலறினால் சிலர் பேட்டரியைக் கழற்றிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள், அலமாரியைத் தள்ளி வையுங்கள். ஆயத்த மண்டபமே போதும் என்றால் சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். போகுமுன் உங்கள் சுவரின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள்.

கிழக்கு அமையாவிட்டால் வடக்குப் பார்த்து வைக்கும் வீடுகள் நிறைய. அது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டியது, என்னிடம் அல்ல.

கேள்வி: ‘லெதர்’ என்று சொல்லி விற்ற சோபா, நான்கு மாதத்தில் தோல் உரிகிறது. தலைக்கு எண்ணெய் வைத்துச் சாய்ந்ததால்தான் என்கிறார் கடைக்காரர். பணம் திரும்பக் கிடைக்காது என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறதாம்.

ரசீதில் அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. 2012 செப்டம்பரிலிருந்து இங்கே நடப்பில் உள்ள, குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, பொருள் கைக்கு வந்தபோதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ கேளுங்கள். நியாயமான காலத்துக்குள் அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணத்தைத் திருப்பித் தருவதோ கேட்கலாம்.

எண்ணெய் வாதத்துக்கு ஒரு பதில் சோபாவிலேயே இருக்கிறது. குனிந்து கீழ்ப்பட்டையையும் பக்கவாட்டையும் பாருங்கள். யார் தலையும் படாத அங்கேயும் உரிகிறதா? அப்படியானால் எண்ணெய் காரணம் இல்லை. துணிமேல் பாலியுரித்தேன் பூசிய செயற்கைத் தோல் ஈரத்திலும் வெப்பத்திலும் தானாகவே சிதையும். தலைசாயும் இடத்தில் மட்டும் உரிந்திருந்தால் கடைக்காரர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. விற்றது செயற்கைத் தோல், சொன்னது லெதர் என்றால் அது தனிக் குற்றச்சாட்டு. விளம்பரத்தின் படத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் பத்திரப்படுத்துங்கள்.

எழுத்தில் கேட்டும் மசியாவிட்டால் கேஸ் அமைப்பிடம் போகலாம். அதற்குமேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்: 20,000 வெள்ளிவரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும், விண்ணப்பம் இணையத்தில்.

கேள்வி: சமையலறைச் சுவரை இடித்துத் திறந்தவெளியாக்க ஆசை. மாமியார் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி? யீஷூன் மறுவிற்பனை வீடு.

மாமியார். காய்ந்த மிளகாய் தாளிக்கும் வீட்டில் துணி சோபாவும் திரைச்சீலையும் அந்த வாசனையைப் பல நாள் வைத்திருக்கும். அடுப்பின் மேல் புகையை இழுக்கும் ஹூட் இருக்கிறதே என்பீர்கள். பல வீடுகளில் அது காற்றை வெளியே தள்ளுவதில்லை, கரி வடிகட்டி வழியே மறுபடி உள்ளேதான் விடுகிறது. வடிகட்டியை யார் நேரத்துக்கு மாற்றுகிறார்கள்?

ஒரு சமாதானம்: சுவரை எடுங்கள், அந்த இடத்தில் கண்ணாடித் தள்ளுகதவு போடுங்கள். சுவர் கட்டடத்தைத் தாங்குவதா என்று பார்த்து, வீவக அனுமதி வாங்கிய பிறகே சுத்தியல் எடுக்கவேண்டும். தாங்கும் சுவர் என்றால் பேச்சு முடிந்தது. மேடைக்கு வெள்ளைக் குவார்ட்ஸ் வேண்டாம். மஞ்சள் கறையைத் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள், சூடான குக்கரை நேரடியாக வைத்தாலும் தடம் விழலாம். கிரைண்டருக்கு இடுப்புக்குக் கீழே ஒரு தட்டும் பக்கத்திலேயே பிளக்கும் வையுங்கள். படம் போட்டுக் காட்டும் எந்த வடிவமைப்பாளரும் கிரைண்டரை வரைந்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: வாசலில் துளசித் தொட்டி, செருப்பு அலமாரி வைத்தால் நகர மன்றம் எடுத்துவிடுமா?

தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் நடைவழி இருக்கவேண்டும். அளந்து பாருங்கள். குறைந்தால் அலமாரியை உள்ளே எடுங்கள். தொட்டியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கொசுவுக்கான அபராதம் தனி.

கேள்வி: பிடோக்கில் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறேன். ஆணி அடிக்க அனுமதி இல்லை. நூறு வெள்ளிக்குள் அறையை மனுஷன் இருக்கிற மாதிரி ஆக்க முடியுமா?

விளக்கை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வாடகை அறைகளில் இருக்கும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு) வெள்ளை வெளிச்சம் கிளினிக் மாதிரி இருக்கும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பு போட்ட மேசை விளக்கு ஒன்றை மூலையில் வையுங்கள், மாலையில் அதை மட்டும் எரியவிடுங்கள். மிச்சக் காசுக்கு நல்ல படுக்கை விரிப்பு. வீட்டுக்காரர் விட்டுவைத்த அழுக்குத் திரைச்சீலையைக் கேட்டுவிட்டுக் கழற்றி வைத்து, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் துணி எடுத்துத் தைத்துப் போடலாம். போகும்போது பழையதைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. அங் மோ கியோ மூவறை வீடு. குளியலறையை அழகாகவும் வழுக்காமலும் மாற்ற 9,000 வெள்ளி கேட்கிறார்கள்.

அழகை ஒத்திப்போடுங்கள். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமக்கள் என்றால் முதலில் வீவகவின் ஈஸ் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால், தரைக்கு வழுக்காத பூச்சும் கைப்பிடிக் கம்பிகளும் மானியத்தில் கிடைக்கும். மூவறை வீட்டுக்காரர் கட்டுவது 5 விழுக்காடு மட்டும். கம்பி பொருத்த ஆள் வரும் நாளில் அம்மாவையே குளியலறையில் நிற்கச் சொல்லுங்கள். கழிவறையில் உட்கார்ந்து எழும்போது கை இயல்பாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறித்துக் கொடுங்கள். அதன் பிறகும் டைல்ஸ் மாற்றத் தோன்றினால், பளபளப்பு இல்லாத சிறிய டைல்ஸ் எடுங்கள். இடைக்கோடு அதிகம் என்பதால் காலுக்குப் பிடிமானம் கூடும். ஜாலான் புசார் டைல்ஸ் கடைகளில் மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி மிதித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.